ஈடாக வந்த ராஜா

புலிக்குன்றத்து ராஜாவுக்கு ஒரு வியாதி. வாரத்துக்கு ஒரு திட்டம் அறிவிக்காவிட்டால் சோறு இறங்காது. அந்த வாரம் முரசு அறைந்தார்கள்: "சிறு பட்டறைக்காரர்களே! அரண்மனைக் கடன்சாலையில் கடன் வாங்கித் தொழிலைப் பெருக்குங்கள். ஈடு வைக்க வேண்டாம். ராஜாவே உங்களுக்கு ஈடு!"

பூட்டுப் பட்டறை மாடக்கண்ணு ஆசாரி அதை நம்பிவிட்டார், பாவம். கோயில் களஞ்சியத்துக்குத் தை பிறப்பதற்குள் இருநூறு பூட்டு வேண்டுமாம். புது உலை போட்டால் முடியும். இல்லாவிட்டால் வேலை வெளியூர்க்காரனுக்குப் போய்விடும், பட்டறையை இழுத்து மூட வேண்டியதுதான்.

கடன்சாலைத் தலைவர் அரியநாயகம் வெற்றிலையை மென்றுகொண்டே அன்றைக்கும் அதையே கேட்டார்: "ஈட்டுக்கு என்ன வச்சிருக்கே?"

"ராஜாவே ஈடுன்னு முரசு அறைஞ்சாங்களே, சாமி!"

"அது முரசு. இது கடன்சாலை. ஈடு எதுவானாலும் கடன் தீரும்வரை அந்த அறையில பூட்டி வைக்கணும். விதி! அப்புறம், உன் பூட்டு உறுதியானதுன்னு யார் சான்று கொடுத்தா? மாதிரிக்கு ஒண்ணு வச்சிட்டுப் போ. நாளைக்கு வா."

"ஏற்கெனவே மூணு வச்சிருக்கேனே!"

"நாலாவதும் வை."

அந்த மூன்றில் ஒன்றுதான், சாவியோடு, ஈட்டு அறைக் கதவில் தொங்கிக்கொண்டிருந்தது. பார்த்த ஆசாரிக்கு வயிறு எரிந்தது. பதினோரு நாள் நடந்து செருப்பு தேய்ந்ததுதான் மிச்சம். கடைசியில் அரசவை விகடர் வெண்காடரிடம் போய்க் கண்ணைக் கசக்கினார்.

"விதின்னா விதிதானே, ஆசாரியாரே! நாளைக்கு ஈட்டோட போவோம்" என்றார் வெண்காடர்.

மறுநாள் கடன்சாலை வாசலில் பல்லக்கு இறங்கியது. உள்ளேயிருந்து ராஜா இறங்கினார். கையில் ஒரு தலையணை வேறு!

அரியநாயகம் வெற்றிலையை அப்படியே விழுங்கிவிட்டார்.

"ஆசாரியின் ஈட்டைக் கொண்டுவந்திருக்கிறேன். இரண்டு வருஷக் கடன். அதுவரை மகாராஜாவை எங்கே பூட்டுவீர்கள்?" என்று வெண்காடர் கேட்டார்.

"எனக்கு மோர் மட்டும் வேளாவேளைக்கு வரவேண்டும்" என்றார் ராஜா. முகத்தில் சிரிப்பே இல்லை.

"ஐயையோ! அந்த அறையில் எலி ஓடுகிறது, மகாராஜா! ஒட்டடை வேறு!" அரியநாயகம் பதறிக்கொண்டு துடைப்பத்தோடு உள்ளே ஓடினார். வெண்காடர் கதவைச் சாத்தினார். பூட்டினார். சாவியை ஆசாரி கையில் வைத்தார்.

உள்ளேயிருந்து கதவு தடதடத்தது. "என்ன பூட்டு இது! இடித்தாலும் அசையவில்லையே!"

"கேட்டீர்களா, மகாராஜா? சான்று கிடைத்துவிட்டது. அதையே எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள்" என்றார் வெண்காடர்.

ஓலையும் எழுத்தாணியும் ஜன்னல் வழியாக உள்ளே போயின. சான்று வெளியே வந்தது, பின்னாலேயே கடன் உத்தரவும் வந்தது. பதினோரு நாள் நடக்காதது பத்தே நிமிஷத்தில் நடந்தது. ஆசாரிக்குக் கண் கலங்கிவிட்டது.

"எல்லாம்தான் ஆயிற்றே! திறந்துவிடப்பா!" என்று கெஞ்சினார் அரியநாயகம்.

ஆசாரி சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார்.

"திறக்கலாம், சாமி. ஒரு விண்ணப்பம் எழுதி வச்சிட்டு, நாளைக்கு வாங்க."

ராஜா சிரித்த சிரிப்பில் தலையணை கீழே விழுந்தது. தம் முத்துமாலையைக் கழற்றி வெண்காடர் பக்கம் நீட்டியவர், கொஞ்சம் யோசித்துவிட்டு, அதை ஆசாரி கழுத்திலேயே போட்டார்.