கழுதைக்காரன் கைக்கு நீர் வார்த்த தளபதி

கணவாயை அடைத்துக்கொண்டு, போகிறவர் வருகிறவரையெல்லாம் விழுங்கிக்கொண்டிருந்த பூதத்தைத் தனியாளாய்ப் போய் வெட்டிச் சாய்த்தவன் தளபதி ஆதன். சும்மா வரவில்லை. மகளுக்கு விளையாட்டுச் சாமானாகட்டும் என்று பூதத்தின் கோரைப்பல்லைப் பிடுங்கி இடுப்பில் செருகிக்கொண்டு வந்தான். ஊரே மாலையோடு எல்லையில் நின்றது. மகள் மட்டும் வரவில்லை.

அவள் ஒரு கழுதைக்காரன் தோளில் உட்கார்ந்து நாவற்பழம் தின்றுகொண்டிருந்தாள். பிடிமானத்துக்கு அவன் தலைமுடி.

நடந்தது இதுதான். ஆதன் கணவாயில் இருந்தபோது ஆற்றில் வெள்ளம் வந்து, துறையில் நின்ற பிள்ளையை அடித்துக்கொண்டு போனது. தாயில்லாப் பிள்ளை. காவலுக்கு இருந்தவர்கள் கரையில் நின்று அலறியதோடு சரி. கழுதைமேல் உப்பு ஏற்றி வந்த நொச்சி என்பவன் தண்ணீரில் இறங்கினான். நீச்சல் தெரியாத மனுஷன். ஒரு கையில் கழுதை வாலைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் பிள்ளையின் சடையைப் பிடித்து இழுத்துப் போட்டுவிட்டான். உப்பு மொத்தமும் ஆற்றோடு போயிற்று.

அந்த ஊரில் ஒரு வழக்கம் உண்டு. ஆறு திருப்பித் தந்த பிள்ளை புதிதாய்ப் பிறந்த பிள்ளை. கரையேற்றியவன் அதற்கு 'ஆத்தப்பன்', ஆற்று வழி வந்த அப்பன். அவன்தான் மறுபடி பேர் வைக்க வேண்டும். பௌர்ணமிதோறும் அவன் கையால் ஒரு கவளம் ஊட்ட வேண்டும். பெற்ற தகப்பன் செம்போடு பக்கத்தில் நின்று அவன் கைக்கு நீர் வார்க்க வேண்டும்.

பெருங்கோதை என்று ஆதன் பார்த்துப் பார்த்து வைத்த பேர் போய், பிள்ளை இப்போது அயிரை. நொச்சிக்குத் தெரிந்தது ஆற்று மீன் பேர்தானே. பெருங்கோதை என்று கூப்பிட்டால் அவள் திரும்புவதே இல்லை.

பௌர்ணமி வந்தது. ஊர் பார்க்கத் தளபதி நீர் வார்த்தான். நொச்சி வாயெல்லாம் பல்லாக ஊட்டினான். பிள்ளை அவன் விரலைச் செல்லமாய்க் கடித்துச் சிரித்தது. ஆதன் செம்பில் மிச்சமிருந்த நீரைத் தரையில் கொட்டிவிட்டு நடந்தான். வீட்டுக்கு வந்து, பூதத்தைக் கொன்ற கதையை மகளுக்குச் சொன்னான். கண் கொட்டாமல் கேட்டாள். முடிந்ததும், ஆத்தப்பாகிட்ட சொல்லணும் என்று எழுந்து ஓடினாள். கண் கொட்டாமல் கேட்டது அவன் கண்ணில் படவில்லை, ஓடியதுதான் பட்டது.

அந்த மாதமே கணவாயில் இன்னொரு பூதம் தலைகாட்டியது. ராஜா படையைக் கிளப்பச் சொன்னார். மூட்டை சுமக்கக் கழுதைகள் வேண்டும் அல்லவா? நொச்சியின் கழுதைகள்தான் வர வேண்டும், நொச்சியே ஓட்டிக்கொண்டு படைக்கு முன்னால் நடக்க வேண்டும் என்று ஆதன் உத்தரவு போட்டான். யார் என்ன கேட்க முடியும்?

புறப்படும் முன் ஆசி வாங்க மருதியம்மையிடம் போனான். அவனுக்கு வாளும் ஞானமும் சொல்லிக்கொடுத்தவள் அவள். வயதில் அவனுக்குத் தங்கை மாதிரி. புளியில் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தவள், உத்தரவைப் பற்றி ஏற்கெனவே கேள்விப்பட்டிருந்தாள்.

"படைக்கு முன்னால வெறுங்கையோட போனவன் எவனும் திரும்பினதில்லையே, தளபதி?"

"சண்டைன்னா நாலு பேர் சாகத்தான் செய்வாங்க, அம்மா."

அவள் அடுத்த புளியில் கொட்டை எடுத்தாள். அவனால்தான் சும்மா இருக்க முடியவில்லை.

"பொறாமைதான் அம்மா, மறைக்கல. பெத்தவன் நான். என் தோள்ல இருக்க வேண்டிய பிள்ளை அவன் தோள்ல இருக்கு. எனக்குச் சோறு இறங்கல."

நியாயம்தானே என்றாள் மருதியம்மை. பிறகு கேட்டாள்:

"அவன் செத்த சேதியைப் பிள்ளைக்கு யார் சொல்றது?"

"நான்தான்."

"சொல்ல வருமா?"

"அதுல என்ன இருக்கு?"

"அப்போ இங்கேயே ஒரு தடவை சொல்லிப் பாருங்க. நான்தான் அயிரை."

புளியைத் தள்ளி வைத்துவிட்டுச் சம்மணம் போட்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். ஆதனுக்குச் சிரிப்பு வந்தது. குருவின் பேச்சைத் தட்ட முடியுமா? தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"கண்ணு, ஆத்தப்பன் இனிமே வரமாட்டாரு."

"ஏன்ப்பா?"

"பூதம் கொன்னுடுச்சு."

"நீங்க அங்க இல்லையா?"

"இருந்தேன்."

"பக்கத்துலயா?"

"கொஞ்சம் பின்னால."

"கையில வாள் இல்லையா?"

"இருந்துச்சு."

"நீங்கதான் பூதத்தையே கொல்றவராச்சே. அவரை மட்டும் ஏன்ப்பா காப்பாத்தல?"

பூதம் பெரிது என்று சொல்லலாம். இருட்டிவிட்டது என்று சொல்லலாம். நொச்சியே பயந்து ஓடி மாட்டிக்கொண்டான் என்றும் சொல்லலாம். ஒவ்வொன்றாய் நாக்கு வரைக்கும் வந்தது. எதிரே இருந்த முகத்தைப் பார்த்து ஒன்றையும் சொல்ல முடியவில்லை.

"போதும், அம்மா" என்றான்.

மருதியம்மை காலை நீட்டிக்கொண்டு, புளியை மறுபடி மடிக்கு இழுத்தாள்.

"நான் பெரியவ. போதும்னா விட்டுடுவேன். அவ பிள்ளை, தளபதி. தினம் கேப்பா."