முள்ளம்பன்றி வாங்கிய பரிசல் அனுமதி

வேங்கைக்காட்டு ஆற்றங்கரையில் சிலம்பாயி என்ற முள்ளம்பன்றி ஒரு பரிசல் முடைந்து முடித்தாள். மூங்கிலை வளைத்துக் கட்டி, அடியில் தோல் போர்த்திய வட்டப் பரிசல். அதைப் பார்த்துக் காடே சிரித்தது.

“முள்ளம்பன்றி பரிசல் விடப் போவுதாம்! உட்கார்ந்ததும் சல்லடையாயிடும்!” என்று மரத்திலிருந்த குரங்கு கத்தியது.

சிலம்பாயிக்குக் கோபப்பட நேரமில்லை. போன மழைக்காலத்து வெள்ளம் அவளுடைய மகள் பூவாத்தாளை ஒரு மரக்கட்டையோடு அடித்துக்கொண்டு போயிருந்தது. செத்துப் போனாள் என்றே எல்லாரும் சொன்னார்கள். இப்போதுதான் ஒரு பருந்து வந்து, “உன் மக உயிரோட இருக்கா. மலையிடுக்குக்கு அந்தப் பக்கம் புல்வெளியில தனியாத் திரியுறா” என்று சொல்லிவிட்டுப் போனது. அங்கே போக ஆறு ஒன்றுதான் வழி. இருபுறமும் செங்குத்துப் பாறை. மழை தொடங்கிவிட்டால் ஆற்று வழியும் அடைபட்டுவிடும்.

ஆனால் நினைத்த மாத்திரத்தில் பரிசலைத் தள்ளிக்கொண்டு போக முடியாது. மலையிடுக்கு முழுவதும் காவல் பகுதி. முன்பெல்லாம் அவரவர் இஷ்டத்துக்குப் போய், மணல் திட்டில் ஆமைகள் இட்ட முட்டைகளை மிதித்து நாசம் செய்தார்கள். ஆற்றில் கவிழ்ந்தவர்களைத் தேடிப் போனவர்களும் கவிழ்ந்தார்கள். அதனால் காட்டின் தலைவி பெரியநாச்சி என்ற யானை ஒரு சட்டம் போட்டாள். சொந்தப் பரிசலில் போகிறவர்கள் அவளிடம் அனுமதி வாங்க வேண்டும். ஒரு பிறைக்கு, அதாவது ஒரு மாதத்துக்கு, ஒரே பரிசல்தான். அனுமதிக்கு அடையாளமாகப் பரிசலின் விளிம்பில் அவள் செம்மண் அப்பிவிடுவாள்.

மழைக்கு முன்பு மிச்சமிருந்தது ஒரே ஒரு முறை. அதைக் கேட்டு நின்றவர்கள் இரண்டு பேர். ஒருத்தி சிலம்பாயி. இன்னொருவன் சடையன் என்ற நரி.

சடையனுக்கு அந்தப் பக்கம் ஒரு வேலையும் கிடையாது. மலையிடுக்கைத் தாண்டியவன் என்று மார்தட்டிக்கொண்டு திரிய வேண்டும், அவ்வளவுதான். வெறுங்கையோடு வராமல் ஒரு கட்டுக் கரும்பும் கொண்டுவந்திருந்தான்.

பெரியநாச்சி கரும்பை வாங்கி ஒன்று விடாமல் தின்றாள். தின்று முடித்துவிட்டு, “நல்ல இனிப்பு. சரி, இப்பச் சொல்லு. இந்த ஆத்துல உனக்கு எதைக் கண்டா பயம்?” என்று கேட்டாள்.

“பயமா? எனக்கா? நல்லாக் கேட்டீங்க போங்க! பயம்தான் என்னைக் கண்டு ஓடணும்!”

“கொப்பரையை எப்படிக் கடப்பே?”

கொப்பரை என்பது மலையிடுக்கின் நடுவே ஆறு குறுகிச் சுழித்து, உலைநீராகக் கொதிக்கும் இடம்.

“ஒரே பாய்ச்சல்! கண்ணை மூடித் திறக்கிறதுக்குள்ள அந்தப் பக்கம் இருப்பேன்!”

குரங்குக் கூட்டம் கை தட்டியது.

அடுத்தது சிலம்பாயி. எனக்கும் பயமில்லை என்று சொல்லிவிடலாமா? மகளுக்காக எந்தப் பொய்யும் சொல்லலாம் என்றுதான் தோன்றியது. ஆனால் பொய் சொல்லி வாங்கின அனுமதியோடு கொப்பரையில் மூழ்கினால் மகளுக்கு என்ன லாபம்? உள்ளதைச் சொல்லிவிட்டாள்.

“கொப்பரையைக் கண்டா எனக்குக் குலை நடுங்கும் ஆத்தா. பயந்தா என் முள்ளெல்லாம் தானா எந்திரிச்சுக்கும். எந்திரிச்சா தோல் கிழியும், பரிசல் முழுகும். அதனால முன்னாடியே இறங்கிடுவேன். ஓரமா ஒரு பாறைத் திட்டு இருக்குன்னு பருந்துகிட்டக் கேட்டு வச்சிருக்கேன். பரிசலைத் தலையில கவுத்துக்கிட்டு அது வழியா நடந்து போய், அந்தப் பக்கம் மறுபடி ஏறிக்குவேன்.”

“பரிசல்ல போக அனுமதி கேட்டுட்டு, பரிசலைச் சுமந்துக்கிட்டு நடக்கப் போறாளாம்!” என்று சடையன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். காடும் கூடச் சேர்ந்துகொண்டது.

பெரியநாச்சி சிரிக்கவில்லை. தும்பிக்கையால் செம்மண்ணை அள்ளிச் சிலம்பாயியின் பரிசலில் அப்பினாள். “போயிட்டு வா தாயி. மணல் திட்டுல மட்டும் ஏறாதே.”

“என் கரும்பு?” என்று அலறினான் சடையன்.

“அதான் இனிப்பா இருந்துச்சுன்னு சொன்னேனே!”

மூக்குடைபட்ட நரி சும்மா இருக்குமா? அனுமதி இல்லாவிட்டால் என்ன, இவளுக்கு முன்னால் போய்விட்டால் பெயர் எனக்குத்தானே என்று கணக்குப் போட்டான். மறுநாள் சிலம்பாயி கிளம்புவதற்குள் திருட்டுத்தனமாகத் தன் பரிசலை ஆற்றில் தள்ளினான்.

பின்னால் சிலம்பாயி புறப்பட்டாள். தடித்த கோரைப் பாய் விரித்து, முள்ளை ஒடுக்கி உட்கார்ந்து துடுப்புப் போட்டாள். ஆமைகளின் மணல் திட்டை விலகிக் கடந்தாள். கொப்பரையின் இரைச்சல் கேட்டதுமே முதுகு கூசியது. உடனே பாறைத் திட்டில் ஒதுங்கி, பரிசலைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு நடந்தாள். கவிழ்த்த பரிசலுக்குள் இருந்ததால் கொப்பரை கண்ணில் படவே இல்லை. அதுவும் நல்லதாகப் போயிற்று.

பாதி வழியில் ஓர் ஓலம் கேட்டது. “ஐயோ! காப்பாத்துங்க! பயமா இருக்கே!”

பரிசலை இறக்கி வைத்துப் பார்த்தாள். சுழலின் நடுவே ஒரு பாறையைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தான் சடையன். அவனுடைய பரிசல் சுக்கல் சுக்கலாகி மிதந்து போனது. சிலம்பாயியின் முள் அத்தனையும் சிலிர்த்து நின்றது. நிற்கட்டுமே, இப்போது அவள் பரிசலிலா இருக்கிறாள்? நடுங்கிக்கொண்டே பரிசலில் கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்து, ஒரு முனையைப் பாறையில் கட்டி, மறுமுனையை வீசினாள். சடையன் அதைப் பற்றிக்கொண்டு சொட்டச் சொட்டக் கரையேறினான்.

“என்ன சடையா! பயம் உன்னைக் கண்டு ஓடலையா?”

“எங்கே அக்கா ஓடுச்சு! கூடவே ஏறி உட்கார்ந்துக்கிச்சு!”

மீதி வழி முழுவதும் பரிசலைச் சுமந்தவன் சடையன்தான். அவனே கெஞ்சிக் கேட்டு வாங்கிக்கொண்டான். கொப்பரைக்கு அப்பால் ஆறு அகன்று அமைதியாக ஓடியது. இருவரும் பரிசலில் ஏறிக்கொண்டார்கள்; சடையன் முள்ளுக்கு எட்டாத ஓரத்தில் ஒடுங்கி உட்கார்ந்து வந்தான்.

வளைவு திரும்பியதும் புல்வெளி தெரிந்தது. கரையில் மேய்ந்துகொண்டிருந்த ஒரு குட்டி முள்ளம்பன்றி தலையைத் தூக்கிப் பார்த்தது.

“அம்மா!”

சிலம்பாயி துடுப்பைப் போட்டுவிட்டுத் துள்ளிக் கரையில் குதித்தாள். தாயும் மகளும் மூக்கோடு மூக்கு உரசிக்கொண்டு அழுதார்கள், சிரித்தார்கள், மறுபடி அழுதார்கள். சடையன் பரிசலில் எழுந்து நின்று, மலையிடுக்கு அதிரும்படி கத்தினான்: “பூவாத்தா! கொப்பரையை ஜெயிச்சது யார் தெரியுமா? உங்கம்மா!”

பயமே இல்லை என்று பீற்றிக்கொள்கிறவன் பாதி ஆற்றில் கவிழ்வான், தன் பயம் எதுவென்று தெரிந்து அதற்கேற்ற வழி தேடுகிறவனே கரை சேர்வான்.