பவுனம்மாவின் பேய் வடைக் கடை

காட்டு நடுவே ஒரு குளம். குளத்தங்கரையில் பவுனம்மா என்ற அணில் இலந்தை வடைக் கடை வைத்திருந்தாள். இலந்தைப் பழத்தை மிளகாயும் வெல்லமும் சேர்த்து இடித்து, வட்டமாகத் தட்டி, பாறையில் காய வைப்பாள். முயல், மான், காட்டுப்பன்றி எல்லாம் தண்ணீர் குடிக்க வந்தால் ஒரு வடையும் கடித்துவிட்டுப் போகும்.

கரையில் கடை போட்டவர்தான் காவலும் பார்க்க வேண்டும். அது அந்தக் காட்டின் வழக்கம். பவுனம்மா அடிக்கடி மருத மரத்தில் ஏறிச் சுற்றிலும் பார்ப்பாள். சிறுத்தையின் வால் நுனி தெரிந்தாலும் போதும், "கிரீச்! கிரீச்!" என்று கத்துவாள். கேட்டவர்கள் யாரும் 'என்ன, ஏது' என்று நின்று கேட்க மாட்டார்கள். ஓடி முள் புதருக்குள் புகுந்துகொள்வார்கள். ஆபத்து விலகியதும் வந்து மிச்ச வடையைத் தின்பார்கள்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த வியாபாரத்தில் மண் விழுந்தது. எதிர்க்கரையில் கரடியார் ஒரு தேன் கடை திறந்தார். பெரிய கடை. உட்கார வழவழப்பான பாறைகள், தொட்டுக்கொள்ள அடை அடையாய்த் தேன். கூட்டமெல்லாம் அந்தப் பக்கம் போய்விட்டது. பவுனம்மா ஈ ஓட்டிக்கொண்டிருந்தாள். அந்த ஈயும் பிறகு தேன் கடைக்கே போய்விட்டது.

பக்கத்துப் பொந்தில் இருந்த துரைப்பாண்டி என்ற முயல் மட்டும் தவறாமல் வந்தான்.

"அக்கா, எனக்குத் தேன் ஒத்துக்காது. உங்க வடைதான்!" என்பான்.

அது பொய். அவனுக்குத் தேன் என்றால் உயிர். பவுனம்மாவுக்கும் அது தெரியும். இருந்தாலும் அவன் சொல்வதைக் கேட்க அவளுக்கு ஆறுதலாக இருந்தது.

"நீ ஒருத்தன் தின்னு என் கடை நடக்குமா, துரைப்பாண்டி? இந்த ஐப்பசியோட மூடிட வேண்டியதுதான்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

இதை மேலே கிளையிலிருந்து ஒரு மைனா கேட்டுக்கொண்டிருந்தது. அது டவுனில் ஒரு பெரிய வணிக வளாகத்தின் பெயர்ப் பலகைக்குப் பின்னால் கூடு கட்டி வாழ்ந்த மைனா. ஆகவே வியாபாரம் தனக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தது. பெயர்ப் பலகையைத் துடைத்தவர்கள் கூட்டைப் பிய்த்து எறிந்த பிறகுதான் காட்டுக்கு வந்தது என்பதை அது யாரிடமும் சொல்லவில்லை.

"மேடம்! மூடாதீங்க! உங்க கடைக்குத் தேவை ஒரு ஹாலோவீன்!" என்றது மைனா.

"அது என்ன தம்பி, புது மசாலாவா?"

"பேய்த் திருவிழா மேடம்! டவுன்ல இந்த மாசம் எல்லாக் கடையிலயும் பேய்தான். பேய் கேக், பேய் காப்பி, பேய்ச் சட்டை. ஜனங்க பயந்துக்கிட்டே வாங்கறாங்க, வாங்கிக்கிட்டே பயப்படறாங்க! முதல்ல ஒரு பூசணிக்காயில மூஞ்சி வரைஞ்சு வாசல்ல மாட்டுங்க."

பவுனம்மா யோசித்தாள். "அது திருஷ்டிக்கு மாட்டறதுதானே? பேய் பிசாசு அண்டாம இருக்கத்தானே மாட்டுவாங்க?"

"அது பழைய முறை மேடம்! இப்போ பேய் வரணும்னு மாட்டறாங்க!"

பவுனம்மாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் விளங்காத பேச்சைக் கேட்டால் சிலருக்கு மரியாதை வந்துவிடும். அவளுக்கும் வந்தது. மைனாவுக்கு ஒரு வடை கொடுத்து, "மேல சொல்லுங்க தம்பி" என்றாள்.

வடைக்கு இனிமேல் 'பேய் வடை' என்று பேர். கடையைச் சுற்றிச் சிலந்தி வலை. குட்டிகள் 'ஊ' என்று பயமுறுத்தினால் ஒரு துண்டு இலவசம். பேய் வேஷத்தோடு வந்தவர்கள் குளத்து நீரில் தங்கள் அழகைப் பார்த்துக்கொள்ளத் தனியாக ஒரு மூலை. மைனா சொல்லச் சொல்ல பவுனம்மா தலையாட்டினாள்.

"கடைசியா ஒண்ணு மேடம். உங்ககிட்ட இருக்கிற பெரிய சொத்தே அந்தச் சத்தம்தான். அந்தக் கிரீச்! கேட்டதும் காடே கிடுகிடுங்குது. இப்படி ஒரு விளம்பரம் டவுன்ல யாருக்கு அமையும்? அதை ஏன் சும்மா வச்சிருக்கீங்க?"

"ஐயோ, அது சிறுத்தை வந்தாக் கத்தறது தம்பி!"

"சிறுத்தை தினமுமா வருது? மத்த நாள்ல சத்தம் வீணாத்தானே போகுது?"

பவுனம்மா அன்று முழுக்கத் தயங்கினாள். பிறகு எதிர்க்கரைக் கூட்டத்தைப் பார்த்தாள். தயக்கம் போய்விட்டது.

மறுநாள் மரத்தில் ஏறி, "கிரீச்! கிரீச்!" என்று கத்தினாள்.

தேன் கடையில் இருந்தவர்கள்கூடத் தலைகால் புரியாமல் ஓடினார்கள். காட்டுப்பன்றி ஒரு மானின் மேல் ஏறி மிதித்துக்கொண்டு போனது. எல்லோரும் புதருக்குள் நடுங்கிக்கொண்டிருந்தபோது பவுனம்மா கூவினாள்: "பயந்துட்டீங்களா? பயம் தெளிய பேய் வடை! வாங்க, வாங்க!"

காட்டுப்பன்றிக்குக் கோபம் வந்தது. "விளையாடுற விஷயமா இது?" என்று உறுமிக்கொண்டு கடைக்கு வந்தது. வந்த இடத்தில் ஒரு வடை தின்றது. பயந்து ஓடிய வயிற்றுக்குப் பசி அதிகம். இன்னும் ஒன்று கேட்டது. பின்னாலேயே மான்கள் வந்தன. அன்று பாறையில் காய்ந்த வடை அத்தனையும் தீர்ந்துபோயிற்று.

அதன் பிறகு தினமும் கத்தல்தான், தினமும் கூட்டம்தான். முதலில் எல்லோரும் ஓடினார்கள். பிறகு வேகமாக நடந்தார்கள். பிறகு இருந்த இடத்தில் உட்கார்ந்தபடியே ஒரு தடவை சிலிர்த்துக்கொண்டு, "இன்னைக்குச் சுமார்தான். நேத்துக் கத்தினதுதான் கத்தல்!" என்று பேசிக்கொண்டார்கள். கரடியாரும் போட்டிக்கு ஒரு பூசணிக்காய் வாங்கி மாட்டினார். ஆனால் சாயங்காலத்துக்குள் அவரே அதைத் தின்றுவிட்டார்.

துரைப்பாண்டிக்குத்தான் எல்லோரையும்விடச் சந்தோஷம். "அக்கா, உங்க கடையில நிக்க இடம் இல்லையே! இனிமே நான் கொஞ்சம் தேன் சாப்பிடலாமா?" என்று கேட்டான். பவுனம்மா சிரித்துவிட்டாள். மனசுக்குள் அவனைத் தன் தம்பி என்றே வைத்திருந்தாள்.

திருவிழாவின் கடைசி நாள் மாறுவேடப் போட்டி என்று மைனா அறிவித்தது. காட்டிலேயே பயங்கரமான வேஷத்துக்கு முதல் பரிசு. பரிசு, கோத்த வடை மாலை. நடுவர் குளத்து ஆமையார்.

பொழுது சாயும் நேரத்தில் எல்லோரும் வந்துவிட்டார்கள். மான் ஆந்தை இறகைச் செருகிக்கொண்டு வந்தது. காட்டுப்பன்றி உடம்பு முழுக்கச் சிலந்தி வலை சுற்றிக்கொண்டு, தன்னைத் தானே பார்த்துப் பயந்தது. துரைப்பாண்டி மஞ்சள் மண்ணைப் பூசி, நாவல் பழச் சாற்றால் புள்ளி குத்தி, சிறுத்தையாக வந்தான். அவன் மனைவி செவத்தி பொந்தில் குட்டிகளோடு இருந்தாள். பரிசு மாலையோடு வருவதாக அவளிடம் சொல்லிவிட்டு வந்திருந்தான்.

கூட்டம் வரிசையில் நின்றது. அப்போது நாணல் அசைந்தது.

மரத்தில் இருந்த பவுனம்மா பார்த்தாள். மஞ்சள் உடம்பு. கறுப்புப் புள்ளி. சந்தேகமே இல்லை, சிறுத்தை! நிஜமான சிறுத்தை!

"கிரீச்! கிரீச்! கிரீச்!" என்று அடி வயிற்றிலிருந்து கத்தினாள்.

கூட்டம் கைதட்டியது.

"அக்கா! இன்னைக்குத்தான் சத்தம் அசல்!" என்று துரைப்பாண்டி கத்தினான்.

"டேய், நெசமாவே சிறுத்தைடா! ஓடுங்க! எல்லாரும் ஓடுங்க!"

"அதைத்தானே தினமும் சொல்றீங்க!" என்று காட்டுப்பன்றி சிரித்தது.

பவுனம்மா மரத்திலிருந்து விழுந்தடித்து இறங்கினாள். துரைப்பாண்டியின் காதைப் பிடித்து இழுத்தாள். "உன் காலைப் புடிச்சுக் கேக்கறேன், போடா!" என்று அழுதாள்.

"அழுகையெல்லாம் வருது பாருங்க! எங்க அக்கா நடிப்புக்கே ஒரு பரிசு குடுக்கணும்!" என்று அவன் கூட்டத்தைப் பார்த்துச் சொன்னான்.

"மேடம், கொஞ்சம் கூடுதலாப் போகுது. அளவோட நடிங்க!" என்றது மைனா. அது இதுவரை சிறுத்தையை ஜவுளிக்கடைக் கண்ணாடிக்குள் பொம்மையாகத்தான் பார்த்திருந்தது.

மற்றவர்களுக்கு மட்டும் அடையாளம் தெரிய வேண்டாமா என்று கேட்பீர்கள். எப்படித் தெரியும்? அணில் கத்தியதும் திரும்பிப் பார்க்காமல் ஓடியவர்கள்தானே எல்லோரும்! சிறுத்தை எப்படி இருக்கும் என்று அவர்களில் யாரும் கண்ணால் கண்டதில்லை. அவர்கள் அறிந்த சிறுத்தை பவுனம்மாவின் சத்தம் ஒன்றுதான்.

சிறுத்தை வெளியே வந்தது. யாரும் ஓடவில்லை. அதற்கு இப்படி ஒரு அனுபவம் பிறந்ததிலிருந்து ஏற்பட்டதில்லை. திகைத்து நின்றது.

"அங்க என்ன நின்னுக்கிட்டு? வரிசையில வாங்க!" என்று அதட்டியது காட்டுப்பன்றி.

சிறுத்தை வரிசையில் போய் நின்றது.

ஆமையார் ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டு வந்தார். சிறுத்தை வரும்போதெல்லாம் ஓட்டுக்குள் தலையை இழுத்துக்கொண்டவர் அவர். ஆகையால் சிறுத்தையைப் பற்றி அவருக்குத் திடமான அபிப்பிராயங்கள் இருந்தன.

"புள்ளி அளவுக்கு மேல போச்சு. வால் ரொம்ப நீளம். மீசை சுத்தமா எடுபடலை. முயற்சியைப் பாராட்டலாம். ரெண்டாம் பரிசு!" என்றார் சிறுத்தையிடம். பிறகு துரைப்பாண்டியைத் தட்டிக்கொடுத்தார். "இதுதான் சிறுத்தை! கண்ணுல ஒரு வெறி தெரியுது பாருங்க! முதல் பரிசு!"

மைனா மாலையைக் கொண்டுவந்து துரைப்பாண்டியின் கழுத்தில் போட்டது. ஒரே ஆரவாரம்!

சிறுத்தைக்கு முகம் சுருங்கிவிட்டது. "எனக்கா ரெண்டாம் பரிசு?" என்றது.

துரைப்பாண்டி நல்லவன். தோற்றவரைப் பார்த்தால் அவனுக்கு மனசு கேட்காது. பக்கத்தில் போய், "வருத்தப்படாதீங்கண்ணே! அடுத்த வருசம் பாத்துக்கலாம். நடையை மட்டும் கொஞ்சம் சரி பண்ணுங்க. இந்தாங்க, மாலையில பாதி நீங்க எடுத்துக்குங்க!" என்றான்.

"பரிசு வேண்டாம் தம்பி. பரிசு வாங்கின ஆளே போதும்!" என்றது சிறுத்தை.

மாலையோடு சேர்த்து அவன் கழுத்தைக் கவ்விக்கொண்டு நாணலுக்குள் போயிற்று.

கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. "பிரமாதமான முடிவு!" என்றார் ஆமையார். துரைப்பாண்டி திரும்பி வருவான் என்று வெகுநேரம் காத்திருந்தார்கள். வரவில்லை. ஒவ்வொருவராகக் கைதட்டுவதை நிறுத்தினார்கள். பிறகுதான் ஓடினார்கள். இனி ஓடுவதற்கு அவசியமே இல்லாத நேரத்தில் அந்த ஓட்டம் ஓடினார்கள்!

பவுனம்மா மட்டும் கடை வாசலில் விழுந்து கிடந்தாள். அவளுக்காகப் பொய் சொல்லி வடை தின்றவன் அவன். அவள் உண்மை சொன்னபோது அவன் கைதட்டினான். அதை நினைத்து நினைத்து அழுதாள்.

விடிந்ததும் மைனா வந்தது.

"மனசைத் தளர விடாதீங்க மேடம்! காடு முழுக்க நம்ம கடைப் பேச்சுதான்! இப்படி ஒரு பேர் கிடைக்க டவுன்ல தவம் கிடக்கறாங்க. அடுத்ததா கிறிஸ்துமஸுக்கு ஒரு யோசனை..."

பவுனம்மா கையில் கிடைத்த கல்லை எடுத்து வீசினாள். மைனா பறந்து தப்பியது. நேராகத் தேன் கடைக்குப் போய், "கரடி சார், உங்க கடைக்குத் தேவை ஒரு ஹாலோவீன்!" என்று ஆரம்பித்ததாகக் கேள்வி.

கொஞ்ச நேரத்தில் செவத்தி வந்தாள். குட்டிகள் அவள் முதுகுக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டு நின்றன. பவுனம்மாவால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. திட்டுவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று எதிர்பார்த்துத் தலையைக் குனிந்துகொண்டாள். செவத்தி திட்டவில்லை.

"நேத்து நீங்க கத்தினது எங்க பொந்து வரைக்கும் கேட்டுச்சு மதினி. 'அத்தை வடை விக்கிறாங்க'ன்னு பிள்ளைங்க சிரிச்சுச்சுங்க. நானும் சிரிச்சேன்."

பவுனம்மா விம்மினாள்.

"நாளைக்கு இதுங்க தண்ணி குடிக்க இங்கதானே வரணும்? அதனால ஒண்ணே ஒண்ணு கேக்க வந்தேன். நெசத்துக்குக் கத்துற சத்தம் எப்படி இருக்கும், வடைக்குக் கத்துற சத்தம் எப்படி இருக்கும்? ஒரு தடவை ரெண்டையும் கத்திக் காட்டுங்க மதினி. இதுங்க கேட்டுக்கட்டும்."

பவுனம்மா வாயைத் திறந்தாள். மூடிக்கொண்டாள். மறுபடி திறந்தாள். குட்டிகள் காதை நிமிர்த்திக்கொண்டு அவள் வாயையே பார்த்தன. கத்திக் காட்ட அவளிடம் ஒரே ஒரு சத்தம்தான் இருந்தது.

நம்மை நம்பி வருகிறவர்களின் நம்பிக்கையை விளம்பரத்துக்குச் செலவழித்துவிட்டால், ஆபத்து வரும் நாளில் நாம் சொல்லும் உண்மையும் வேடிக்கையாகத்தான் கேட்கும்.