படியேறி வருகிறவர்கள்

"ஒரு பிள்ளையைக் கெடுக்கிறது வீடா, வெளியா, அம்மா?"

பால்வண்ணன் இதைக் கேட்டபோது பாறையம்மா முறத்தில் பயறு பொறுக்கிக்கொண்டிருந்தார்.

முறத்தைக் கொஞ்சம் நகர்த்தி வைத்தார். உட்காரச் சொல்கிறார் என்று எடுத்துக்கொள்ள வேண்டும்.

பாறையம்மாவுக்கு நாற்பது வயது இருக்கும். பால்வண்ணன் அவரைவிட ஏழெட்டு வயது மூத்தவர். குன்றின் மேல் இருந்த கல்மண்டபத்தில் அம்மா வந்து தங்கிய நாளிலிருந்து, பதினோரு வருடமாக, ஞாயிறு தவறாமல் வருகிற சீடர். இன்றைக்கு மகள் மிருதுளாவையும் அழைத்து வந்திருந்தார். பிளஸ் ஒன் படிக்கிறாள். வந்ததிலிருந்து ஒரு வார்த்தை பேசவில்லை. படிகளுக்கு முதுகைக் காட்டி, முறத்தின் ஒரு பக்கமாக உட்கார்ந்துகொண்டாள்.

தன் கேள்விக்குப் பால்வண்ணன் தானே பதில் சொன்னார். வெளிதான். வகுப்பில் நாலு தோழிகள். அதில் ஒருத்தி தலைமுடிக்குச் சாயம் பூசியவள். அப்புறம் செல்போன். மூன்று மாதத்துக்கு முன்னால் போனை வாங்கி பீரோவில் வைத்துப் பூட்டினார். அந்த நாலு பேரோடும் பேசக் கூடாது என்றார். டியூஷனை மாற்றினார். ஒன்றும் நடக்கவில்லை. மதிப்பெண் இறங்கிக்கொண்டே போகிறது. சாப்பாடு குறைந்துவிட்டது. அவர் வேலை முடிந்து வீட்டுக்குள் நுழைந்தால் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறாள்.

"இவ மட்டும்னா பரவாயில்ல. சின்னவளையும் கூட்டிட்டுப் போயி சாத்திக்கிறா. வர்ஷாவுக்கு எட்டு வயசு. இவளைப் பார்த்து அவளும் இப்படி ஆயிட்டா நான் என்ன செய்ய?"

பையிலிருந்து ஒரு விண்ணப்பத்தை எடுத்தார். மலைக்கு அந்தப் பக்கம் ஒரு விடுதிப் பள்ளி. கண்டிப்புக்குப் பேர் போனது. நாளைக் காலையில் கொடுத்தால் மிருதுளாவை அடுத்த வாரமே சேர்த்துக்கொள்வார்கள். அம்மா அதன் மேல் கை வைத்துக் கொடுத்தால் போதும்.

"கையெல்லாம் தூசி," என்றார் பாறையம்மா. "பயறு முடியட்டும்."

மூவரும் பொறுக்கினார்கள்.

மில் வேலை எப்படிப் போகிறது என்று அம்மா விசாரித்தார். பால்வண்ணன் நூற்பாலையில் சூப்பர்வைசர். புது மேலாளர் ஒரு மாதிரியானவர், எல்லார் முன்னாலும் வைவார், என்றார். ஆனால் அதற்காகத் தான் அசருவதில்லை என்றும் சொன்னார்.

"எதையும் வீட்டுக்குக் கொண்டு போறதில்லம்மா. மில் வாசலோட விட்டுட்டு வந்துருவேன்."

அப்போது படியில் யாரோ ஏறும் சத்தம் கேட்டது.

மிருதுளா திரும்பவில்லை.

"கோவமா வர்றாங்க," என்றாள், பயறிடம் சொல்வதுபோல.

வந்தவள் அடிவாரத்தில் இட்லிக் கடை வைத்திருக்கும் செண்பகக்கனி. மூச்சு வாங்கி முடிக்குமுன் நாத்தனாரைப் பற்றி ஆரம்பித்துவிட்டாள். அம்மா ஒரு சொம்பு தண்ணீர் கொடுத்தார். குடித்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள். அது தீர்ந்ததும் பால்வண்ணன் பக்கம் திரும்பினாள்.

"என்ன அண்ணாச்சி, நீங்க சாமியாரானது பத்தாதுன்னு மகளையும் கூட்டியாந்துட்டீங்களாக்கும்?"

பதிலுக்கு நிற்காமல் இறங்கிப் போனாள்.

சிறிது நேரத்தில் இன்னொரு காலடி.

"இவர் ஏதோ கேக்க வர்றார். கேக்கலாமா வேண்டாமான்னு இன்னும் முடிவு பண்ணல," என்றாள் மிருதுளா.

ஓய்வு பெற்ற தபால்காரர் ஒருவர். சும்மா காற்று வாங்க வந்ததாகச் சொன்னார். மழை இல்லாததைப் பற்றிப் பேசினார். கும்பிட்டுவிட்டு இறங்கினார். நாலு படி இறங்கியவர் திரும்பி வந்து, கண் ஆபரேஷன் செய்துகொள்ளலாமா என்று கேட்டார். டாக்டர் சொன்னபடி செய்யச் சொல்லி அம்மா அனுப்பி வைத்தார்.

மூன்றாவது காலடிக்கு மிருதுளா கொஞ்சம் அதிக நேரம் காது கொடுத்தாள்.

"ரெண்டு பேர். சண்டை முடிஞ்சிருச்சு. ஆனா இன்னும் பேசிக்கல."

புதிதாகக் கல்யாணமானவர்கள். அவன் முன்னால் வந்தான். அவள் பத்துப் படி பின்னால் வந்தாள். அவள் கைப்பை அவன் தோளில் தொங்கியது.

பால்வண்ணனின் கை முறத்தில் நின்றுவிட்டது.

பதினோரு வருடமாகத் தினமும் விடியலில் கண்ணை மூடி உட்காருகிறார். மூட்டுவலியைத் தவிர வேறெதுவும் வந்து சேரவில்லை.

அந்த இருவரும் போகும்வரை காத்திருந்தார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்.

"அம்மா, இது யோக சித்தியா?"

"எனக்கு அது கிடையாது. மூஞ்சியைப் பார்த்தாலும் எனக்குப் பாதிதான் விளங்கும்."

"அப்ப இவளுக்கு யாரு கொடுத்தா?"

"கெட்டிக்கார குருவாத்தான் இருக்கணும். நீங்களே கேளுங்க."

அவர் மகளைப் பார்த்தார். அப்படிப் பெருமையோடு பார்த்து வெகுநாளாகியிருந்தது.

"சொல்லும்மா. யாருகிட்ட கத்துக்கிட்ட?"

மிருதுளா ஒரு கல்லை எடுத்து வெளியே போட்டாள்.

"வீட்லதாம்ப்பா."

எப்படி என்று அவர் கேட்டார். பஸ் ஸ்டாண்டுக்கு வழி சொல்வதுபோல அவள் சொன்னாள்.

அப்பாவின் வண்டி தெருமுனை திரும்பும்போதே காது கொடுக்க வேண்டும். வேகம் குறைத்து வந்தால் ஹாலிலேயே உட்கார்ந்து படிக்கலாம். வாசல்வரை அதே வேகத்தில் வந்து சட்டென்று நின்றால், வீட்டில் தாயார் டிவியை அணைத்துவிடுவார். அடுத்தது கேட். ஒரு தடவை சத்தம் போட்டால் பரவாயில்லை. சுவரில் மோதித் திரும்பி வந்தால், தங்கையின் நோட்டுகளையும் எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்விட வேண்டும். கடைசியாகச் செருப்பு. இரண்டும் ஒன்றாக விழுந்தால் வெளியே வரலாம். தனித்தனியாக விழுந்தால் அன்றைக்குச் சாப்பாட்டைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

பால்வண்ணன் முறத்திலிருந்து கையை எடுத்தார்.

"உன்னை நான் ஒரு நாளாவது கை நீட்டி அடிச்சிருக்கேனா?"

"இல்லப்பா."

"பிறகு என்ன?"

அவள் யோசித்தாள். அவளுக்கே அது இப்போதுதான் ஒரு கேள்வியாக வந்தது போலிருந்தது.

"தெரியலப்பா. கேட்டுக்கிட்டே இருக்கணும் போல இருக்கு. ஸ்கூல்லயும் அப்படித்தான் இருக்கு."

பயறு முடிந்துவிட்டது.

பாறையம்மா எழுந்து போய்க் கை கழுவினார். சேலைத் தலைப்பில் ஈரத்தைத் துடைத்துக்கொண்டு வந்து விண்ணப்பத்தை மடியில் விரித்தார். உள்ளங்கையை அதன் மேல் கொண்டுபோய், தொடாமல் நிறுத்தினார்.

பால்வண்ணனைப் பார்க்கவில்லை. மிருதுளாவைப் பார்த்தார்.

"வைக்கட்டுமா?"

"ஹாஸ்டல் எனக்குச் சம்மதம்தாம்மா. அங்க நல்லாத் தூங்கலாம்," என்றாள். "ஆனா இப்ப வேண்டாம்."

"ஏன்?"

"வர்ஷாவுக்கு கேட் சத்தம் மட்டும்தான் பிடிபட்டிருக்கு. வண்டிச் சத்தம் இன்னும் சொல்லிக்கொடுக்கல."