வெடிப்பலா மரத்துக் குளவி

"என் நாக்கை அடக்க ஒரு வழி சொல்லுங்கம்மா. இல்லாட்டி ஆயுசுக்கும் மௌன விரதம் குடுத்து இங்கேயே வச்சுக்கங்க" என்றாள் செண்பகவல்லி.

மழைக்காட்டு ஆசிரமத்தின் குருவம்மா அவளைவிட இளையவர். வெடிப்பலா மரத்தடியில் சருகு கூட்டிக்கொண்டிருந்தார்.

"யாரு என்ன சொன்னா?"

"பெத்த மகதான். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு வரமாட்டாளாம். 'உன் வாய்க்கு என் மாமியார் எவ்வளவோ தேவலை'ன்னுட்டா."

"அப்படி என்ன சொன்னீங்க?"

"என்னத்தைச் சொன்னேன்? தடதடன்னு படி இறங்குறா. 'கண்ணைப் பிடரியிலயா வச்சிருக்கே'ன்னேன். மசக்கையில சோறு இறங்கலைங்கிறா. 'உலகத்துல நீ ஒருத்திதான் பிள்ளை பெறப்போறியா'ன்னேன். இதெல்லாம் ஒரு பேச்சா?"

குருவம்மா சிரிக்கவில்லை. பெரிய தவசிதான்.

துடைப்பத்தைச் சாய்த்துவிட்டு, அடிமரத்தில் எதையோ கண்டு கையை நீட்டினார்.

"ஐயோ, கையை எடுங்க! அறிவிருக்கா? குளவி!"

கத்திய பிறகுதான் யாரிடம் கத்தினோம் என்று உறைத்தது. செண்பகவல்லி வாயைப் பொத்திக்கொண்டாள்.

கறுப்பும் மஞ்சளுமாய் வரிபோட்ட வயிறு. கண்ணாடிச் சிறகு. வயிற்றை வளைத்து வளைத்து மிரட்டியது.

குருவம்மா அதை விரலில் ஏற்றி, அவள் உள்ளங்கையில் இறக்கிவிட்டார்.

அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

ஒன்றும் நடக்கவில்லை.

"கொட்டலையே!"

"கொடுக்கு இருந்தாத்தானே? அது குளவி வேஷம் போட்ட அந்துப்பூச்சி."

"பின்ன எதுக்கு இந்த ஆட்டம் ஆடுது?"

குருவம்மா மரப்பட்டையைக் காட்டினார். சின்னத் துளை. அதன் வாயில் பூச்சி சற்றுமுன் கழற்றிப்போட்ட கூடு, நெல் உமிபோல் நீட்டிக்கொண்டிருந்தது.

பிறகு மேலே காட்டினார். கிளையில் ஒரு குருவி, தலையைச் சாய்த்துக் காத்திருந்தது.

செண்பகவல்லி சட்டென்று மறு கையைக் குடையாகப் பூச்சியின்மேல் கவிழ்த்தாள்.

"பயந்தாங்கொள்ளி" என்றாள். "இப்படி மிரட்டினா உன்கிட்ட யாருடி வருவா?"

கைக்குள் பூச்சி அடங்கியது.

குருவி அலுத்துப் பறந்துபோகும்வரை இருவரும் அசையவில்லை. பிறகு அவள் அதை ஓர் இலையடியில் பதமாக விட்டாள்.

"விரதத்தை இன்னைக்கே ஆரம்பிச்சிரலாமா?" என்றார் குருவம்மா.

"அதுக்கு இப்ப என்ன அவசரம்? அந்த மேட்டுல ஏறினா ஃபோனுக்கு டவர் கிடைக்குமா?"

"கிடைக்கும். மககிட்ட என்ன சொல்லப்போறீங்க?"

செண்பகவல்லி அதற்குள் பாதி மேடு ஏறியிருந்தாள்.

"நீ படி இறங்கும்போது எனக்கு உயிரே போகுதுடின்னு."