கழற்றுவதற்குச் செருப்பு தேடிய கரடி

மலைக்காட்டில் ஒரு கரடிக்கு மூன்று நாளாகப் பொட்டுத் தூக்கமில்லை. அது புரண்டு புரண்டு உறுமியதில், குகைக்கு மேலே மரத்தில் இருந்த குரங்கின் குட்டியும் தூங்கவில்லை.

"கரடியண்ணே! இன்று பொழுது சாய்வதற்குள் நீ தூங்கியாக வேண்டும். இல்லாவிட்டால் குகையைக் காலி பண்ணு!" என்று கத்தியது குரங்கு.

"நான் என்ன வேண்டுமென்றா முழித்திருக்கிறேன்?" என்று கரடி அழுதது.

அப்போது மலைக்கோயில் பக்கமிருந்து ஒரு மைனா பறந்து வந்தது. "ஒரு வழி இருக்கிறது! கோயிலில் ஒருவர் செருப்பைக் கழற்றிவிட்டு, வெறுங்காலோடு மண்ணில் மூன்று சுற்று நடந்தார். அப்புறம் மண்டபத்தில் சாய்ந்தார். அப்பப்பா, என்ன குறட்டை!"

கரடி ஆசையோடு தன் காலைப் பார்த்தது. முகம் வாடிவிட்டது. "கழற்ற என்னிடம் செருப்பு இல்லையே!"

"அதானே! கழற்றாமல் அது எப்படி வெறுங்கால் ஆகும்?" என்றது குரங்கு.

மூவரும் செருப்பு தேடிக் கிளம்பினார்கள். ஓடை மணலில் நடந்தார்கள். ஈரப் புல்லில் நடந்தார்கள். குட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு குரங்கும் கரடி கூடவே நடந்தது. மைனா மட்டும் பறந்தது.

கோயில் வாசலில் வரிசையாகச் செருப்புகள் கிடந்தன. கரடி கும்பிட்டது. "சாமி, இது திருட்டு இல்லை. ஒருமுறை போட்டுக் கழற்றிவிட்டு, இருந்த இடத்திலேயே வைத்துவிடுகிறேன்!"

உட்கார்ந்து ஒரு செருப்பை மாட்டிப் பார்த்தது. கட்டைவிரல் மட்டும்தான் நுழைந்தது. அப்படியே கொட்டாவி விட்டுச் சாய்ந்தது. கொர்ர்ர்!

"ஐயோ! இன்னும் கழற்றவே இல்லை, அதற்குள் தூங்குகிறதே!" என்று மைனா பதறியது.

குரங்கு ஓடிப்போய் உலுக்கியது. "அண்ணே, எழுந்திரு! கழற்றினால்தான் உனக்குத் தூக்கம் வரும்! எழுந்து கழற்றிவிட்டுத் தூ..."

சொல்லி முடிக்கவில்லை. குரங்கும் கரடியின் வயிற்றிலேயே சாய்ந்துவிட்டது. குட்டி எப்போதோ தூங்கியிருந்தது.

"இதெல்லாம் முறையான தூக்கமே இல்லை!" என்று மைனா கத்திப் பார்த்தது. கேட்க யாரும் விழித்திருக்கவில்லை. கடைசியில் அதுவே செருப்பைக் கரடியின் விரலிலிருந்து இழுத்து, அதன் ஜோடிக்குப் பக்கத்தில் வைத்தது. பொழுது சாய இன்னும் நேரமிருந்தது. கரடியின் குகை தப்பியது.

கடவுள் முன்னமே கொடுத்திருப்பதைக் குனிந்து பார்த்தும் உணராதவர்கள், அதைத் தேடி ஊரெல்லாம் நடக்க வேண்டியிருக்கும்.