நிலைவாசலோடு பீரோ வாங்கப் போனவர்கள்

ஓலைக்குடிப்பட்டி ஆண்டிச்சாமிக்கு முதன்முதலில் அநியாயம் செய்தவன் அவருடைய மச்சினன் அடைக்கலம். அதற்குப் பிறகு கடைக்காரர் செய்தார், மெட்ராஸ்காரம்மா ஒருத்தி செய்தாள், இன்னும் யார் யாரோ செய்தார்கள். ஆனால் ஆரம்பித்து வைத்தவன் அடைக்கலம்தான்.

ஒரு காதுகுத்து விருந்தில், பந்தி நடந்துகொண்டிருக்கும்போது, அக்காள் பஞ்சவர்ணத்தின் பட்டுச்சேலையைப் பார்த்து, "என்னக்கா, முதுகுப் பக்கம் சன்னல் வச்சுக் கட்டியிருக்கே?" என்று அவன் கேட்டுவிட்டான். அது எலி கடித்த ஓட்டை. ஆண்டிச்சாமி காலையிலேயே பார்த்துவிட்டுப் பெருந்தன்மையாகப் பேசாமல் இருந்தார். எலி செய்தது சின்னத் தப்பு, அதைப் பந்தியில் சொன்னதுதான் பெரிய தப்பு என்பது அவர் கட்சி.

பஞ்சவர்ணம் சாப்பிட்ட கையைக் கழுவிக்கொண்டு நேராகத் தம்பியோடு அவன் ஊரான மேலவயலுக்குப் போய்விட்டாள். எலி நுழையாத, கரையான் தொடாத, அந்தக் காலத்துத் தேக்கு பீரோ ஒன்று, இழுப்பறையும் கண்ணாடியும் வைத்தது, வீட்டுக்குள் வந்து நிற்க வேண்டும். அதுவரை அந்த வீட்டுக்குள் கால் வைக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். சொன்னால் சொன்னதுதான் அவள்.

ஆண்டிச்சாமி தானே உலை வைத்தார். சோறு ஒருநாள் கஞ்சியாக வந்தது, மறுநாள் கரியாக வந்தது. அரிசிக்கடைக்காரன்மேல் அவருக்குச் சந்தேகம் வந்தது. ஆனாலும் பெண்டாட்டி இல்லாமல் இனி ஆகாது என்று தெரிந்துபோனது. கொத்தனார் வெள்ளைக்கண்ணுவையும், எங்கே போனாலும் கையில் பேட்டரி லைட்டோடு போகிற சோணைமுத்துவையும் கூட்டிக்கொண்டு காரைக்குடிக்கு பஸ் ஏறினார்.

பழைய சாமான் கடைக்காரர் சாத்தப்பன் பொறுமைசாலி. கதவில் கொடியும் பூவும் செதுக்கிய பீரோ, சிங்கக்கால் வைத்த அலமாரி, இழுப்பறை மேசை எல்லாவற்றையும் துணியால் துடைத்துத் துடைத்துக் காட்டினார். ஒரு பீரோவின் கண்ணாடியைத் தொட்டு, இதுவும் மரத்தைப் போலவே பழசு, மாற்றவே இல்லை என்றார்.

ஆண்டிச்சாமி அவ்வளவு சுலபத்தில் நம்புகிற ஆள் இல்லை. கண்ணாடிக்கு முன்னால் போய் நின்று பார்த்தார். உள்ளே நரைத்த மீசையும் சொட்டைத் தலையுமாக ஒரு முகம் தெரிந்தது. பழசுதான். வெள்ளைக்கண்ணு பார்த்தான். அவனுக்கும் பழசாகத்தான் காட்டியது. கடைசியாகச் சோணைமுத்து பார்த்தான். அவன் மூவரில் சின்னவன்.

"அண்ணே, இங்க புதுசா இருக்குண்ணே."

மூன்று பேரும் மூலையில் கூடிப் பேசினார்கள். பழைய கண்ணாடி என்றால் யார் பார்த்தாலும் பழசாகத்தானே காட்ட வேண்டும்? இதில் ஏதோ கலப்படம் இருக்கிறது என்று முடிவாயிற்று. கடைக்காரர் செய்த அநியாயத்தை ஆண்டிச்சாமி மனதுக்குள் முடிந்து வைத்துக்கொண்டார்.

எலி நுழையாத பீரோவை எப்படிக் கண்டுபிடிப்பது என்று கடைக்காரரிடமே கேட்டார்கள். அது சுலபம் என்றார் சாத்தப்பன். ஒரு ஆள் உள்ளே உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொள்ள வேண்டும். உள்ளே துளி வெளிச்சம் தெரிந்தாலும் எங்கோ ஓட்டை இருக்கிறது, வாங்கக் கூடாது.

சோணைமுத்து உள்ளே போனான். கதவைச் சாத்தினார்கள்.

"வெளிச்சம் இருக்காடா?"

"ஒண்ணும் தெரியலண்ணே. இருட்டா இருக்கு. இந்த இருட்டுல வெளிச்சத்தை எங்க போய்த் தேடுறது?"

"கையில லைட்டு வச்சிருக்கேல்ல? போட்டுப் பாரு."

லைட்டைப் போட்டுப் பார்த்தான். வெளிச்சம் நிறைய இருந்தது. அந்த பீரோவைத் தள்ளிவிட்டார்கள். அடுத்ததிலும் வெளிச்சம். அதற்கடுத்ததில் கண் கூசுகிற அளவுக்கு வெளிச்சம் என்றான். இவ்வளவு ஓட்டைச் சாமானை வைத்துக்கொண்டு எப்படி வியாபாரம் பண்ணுகிறீர்கள் என்று ஆண்டிச்சாமி கடைக்காரரிடம் வருத்தப்பட்டார். சாத்தப்பன் கல்லாவில் போய் உட்கார்ந்து தண்ணீர் குடித்தார்.

கடை மூலையில் கடைசியாக ஒரு கறுத்த தேக்கு பீரோ நின்றது. அதற்குள் சோணைமுத்து போய்ச் சாத்திக்கொண்டு லைட்டை அழுத்தினான். லேசாக மினுக்கிவிட்டு அணைந்தது. திரும்பத் திரும்ப அழுத்தினான். தட்டிப் பார்த்தான். இம்மியும் வெளிச்சம் இல்லை.

"இதுதாண்ணே பீரோ," என்றான் உள்ளிருந்து.

பேசி முடித்து முன்பணமும் கொடுத்தாயிற்று. அப்போது சாத்தப்பன், அந்தக் காலத்துச் சாமான் அகலம் அதிகம், உங்கள் வீட்டு நிலைவாசலில் நுழையுமா என்று பார்த்துவிட்டு எடுத்துப் போங்கள் என்று வாய் தவறிச் சொல்லிவிட்டார்.

நியாயமான பேச்சு. மூவரும் ஊருக்குத் திரும்பினார்கள். வெள்ளைக்கண்ணு கடப்பாரையைப் போட்டு, ஆண்டிச்சாமி வீட்டு நிலையைக் கதவோடும் தாழ்ப்பாளோடும் சுவரிலிருந்து பெயர்த்தெடுத்தான். குட்டியானை வண்டி ஒன்றைப் பிடித்து, மஞ்சளும் குங்குமமும் மாவிலையும் குலையாமல் நிலையை ஏற்றி, மறுபடி காரைக்குடிக்குக் கொண்டுபோய்க் கடை நடுவில் நிறுத்தினார்கள்.

இரண்டு பேர் நிலையைப் பிடித்துக்கொள்ள, கடை ஆட்கள் பீரோவைச் சாய்த்துத் தூக்கி அதற்குள்ளே நுழைத்தார்கள். மயிரிழை இடைவெளியில் நுழைந்தது. ஆண்டிச்சாமிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. நேராக வண்டிக்குக் கொண்டுபோகப் போன ஆட்களை வெள்ளைக்கண்ணு மறித்தான். வீட்டுக்குள் போன சாமான் வாசல் வழியாகத்தானே வெளியே வர முடியும்? நிலைக்குள்ளேயே திருப்பித் தூக்கி வந்தபிறகுதான் வழிவிட்டான்.

அந்த நேரத்தில்தான் கடைக்கு வந்திருந்த மெட்ராஸ்காரம்மா ஒருத்தி நிலையைத் தடவிப் பார்த்து, இது என்ன விலை என்று கேட்டாள். குடியிருக்கிற வீட்டை, உடையவன் பக்கத்தில் நிற்கும்போதே விலை கேட்டாள். அந்த அநியாயத்தையும் ஆண்டிச்சாமி மனதுக்குள் முடிந்து வைத்துக்கொண்டார்.

ஊர் வந்ததும் மேலவயலுக்கு போன் போட்டார். பீரோ வாசலுக்கு வந்துவிட்டது, உள்ளே ஏற்ற வேண்டியதுதான் பாக்கி, கிளம்பி வா என்றார்.

"உள்ள ஏத்தாதீங்க," என்றாள் பஞ்சவர்ணம். "நான் கண்ணால பாக்காம அது வீட்டுக்குள்ள போகக் கூடாது. கட்டில் வாங்கப் போயி ஏணி வாங்கியாந்த ஆளு நீங்க." போனை வைத்துவிட்டாள்.

படுக்கப் போட்டால் இரண்டும் ஒன்றுதான் என்று அப்போதே எவ்வளவோ எடுத்துச் சொல்லியிருந்தார். அது இருக்கட்டும். வண்டியைத் தெருவில் நிறுத்திவிட்டு மூவரும் யோசித்தார்கள்.

"பீரோ உள்ள போனாத்தான் அவ வருவா. அவ வந்து பாத்தாத்தான் பீரோ உள்ள போகும். எனக்குத் தலை சுத்துதுடா," என்றார் ஆண்டிச்சாமி.

"பாதி பீரோவை உள்ள விடுவோம்ணே. அக்காவும் ஒரு காலை மட்டும் உள்ள வைக்கட்டும்," என்றான் சோணைமுத்து.

"அப்புறம் பாதிக் குடும்பம் நடத்தச் சொல்றியா?"

வெள்ளைக்கண்ணு வெகுநேரம் தாடையைச் சொறிந்தான். கடைசியில் நிதானமாகக் கேட்டான்:

"அண்ணே, உங்க வீடு எங்க இருக்கு?"

"இந்தா நிக்குதே."

"அது சுவருண்ணே. நான் எத்தனை வீடு கட்டியிருக்கேன். நிலை வைக்கிற அன்னைக்கு நாள் பாத்து, மஞ்சள் பூசி, தேங்காய் உடைக்கிறோம். சுவத்துக்கு எவனாச்சும் தேங்காய் உடைச்சிருக்கானா? கூரைக்குப் பொட்டு வச்சிருக்கானா? நிலைதாண்ணே வீடு. அது வண்டியில இருக்கு."

ஆண்டிச்சாமி வண்டியைப் பார்த்தார். வீட்டைப் பின்னால் ஏற்றி வைத்துக்கொண்டு நடுத்தெருவில் வழி தெரியாமல் நின்றிருக்கிறோமே என்று நினைத்தார். செருப்பைக் கழற்றி வண்டிக்குக் கீழே விட்டார். அதை அங்கேயே விட்டுவிட்டு, மேலவயலுக்கு வண்டியைத் திருப்பச் சொன்னார்.

அடைக்கலத்தின் வீட்டுக்குப் பக்கத்தில் அவனுடைய நெற்களம் வெறுமனே கிடந்தது. அதன் நடுவில் வெள்ளைக்கண்ணு குழி வெட்டி, சிமெண்டு குழைத்துப் போட்டு, நிலையை நட்டுக் கதவைப் பொருத்தினான். சுற்றிலும் வெட்டவெளி. சோணைமுத்து தேங்காய் உடைத்தான்.

பஞ்சவர்ணம் வந்தாள். பீரோவின் கதவைத் திறந்தாள், சாத்தினாள். இழுப்பறையை உருவிக் கவிழ்த்துப் பார்த்தாள். விரலால் சுண்டிக் கேட்டாள். ஆண்டிச்சாமி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில், "ம்," என்றாள்.

பீரோ நிலைக்குள்ளே நுழைந்து அந்தப் பக்கம் போய் நின்றது. ஆண்டிச்சாமியும் போய் அதன் பக்கத்தில் நின்றுகொண்டார். இனி அவள் மட்டும்தான் பாக்கி. ஊரே வேடிக்கை பார்த்தது. பஞ்சவர்ணம் நிலையை ஏற இறங்கப் பார்த்தாள். தன் கையால் பூசிய மஞ்சள்தான் அது. வலது காலைத் தூக்கினாள். உள்ளே வைத்தாள். பிறகு இடது காலையும் வைத்துவிட்டு, நாலாபக்கமும் திரும்பிப் பார்த்தாள்.

"முன்னைக்கு இப்ப வீடு நல்ல காத்தோட்டமா இருக்கு," என்றாள்.

அன்றைக்கே அடுப்பு மூட்டினாள். சோறு சோறாகவே வந்தது. எலித் தொல்லையும் இல்லை, ஓடுவதற்குக் கூரை வேண்டுமே. ஆண்டிச்சாமி வாழ்க்கையில் முதல்தடவையாக யார்மேலும் குறையில்லாமல் ஒரு வேளை சாப்பிட்டு எழுந்தார்.

கையைக் கழுவிவிட்டு நிமிர்ந்தால், அடைக்கலம் தலையில் வைக்கோல் கட்டோடு, பீரோவுக்கும் அடுப்புக்கும் நடுவே புகுந்து மாட்டுக்கொட்டகைக்குப் போய்க்கொண்டிருக்கிறான்.

"நில்லு மாப்ளே. எப்படி உள்ள வந்தே?"

"இப்படித்தான் மச்சான். நேரா வந்தேன்."

"நேரான்னா? வாசல் அங்க இருக்கு. நீ சுவத்து வழியால்ல வந்திருக்கே."

அடைக்கலம் எந்தச் சுவர் என்று சுற்றிலும் தேடிப் பார்த்தான். வெள்ளைக்கண்ணு சுவர் இருக்க வேண்டிய இடத்தைக் கையால் காட்டினான். பெண்டு பிள்ளை இருக்கிற வீட்டில் ஒருத்தன் சுவரில் புகுந்து வருவது என்ன பழக்கம் என்று சோணைமுத்தும் கேட்டான். ஆண்டிச்சாமி தீர்ப்பைச் சொல்லிவிட்டார்: அடைக்கலம் வெளியே போய், முறையாக வாசலுக்கு வந்து, கதவைத் தட்டி, வெளியே நின்றபடி மன்னிப்புக் கேட்க வேண்டும். கேட்டால்தான் கதவு திறக்கும்.

எழுந்து போய்க் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார். கதவோரம் உட்கார்ந்து, பலகையில் காதை வைத்துக்கொண்டார். அன்று தட்டவில்லை. மறுநாளும் தட்டவில்லை. இன்றுவரை தட்டவில்லை.

இடையில் ஒருநாள் அடைக்கலம் காபித் தம்ளரோடு வந்து அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து, அப்படி எதைத்தான் கேட்கிறீர்கள் மச்சான் என்று விசாரித்தான். ஆண்டிச்சாமி அவன் பக்கம் திரும்பாமலே கையமர்த்தினார்.

"சத்தம் போடாதே மாப்ளே. அடைக்கலம் வெளிய வந்து நிக்கிற மாதிரி இருக்கு."